மையும் எழுத்தாணியும்: படப்பகுப்பு மென்பொருளின் வரைகருவிகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. முன்னுரை

பனையோலையில் எழுத்தாணியாற் கீறப்பட்ட எழுத்து, கீறிய அளவில் கண்ணுக்கு நன்கு புலனாவதில்லை. கரியை இலைச்சாற்றொடு குழைத்து ஏட்டின்மீது தடவித் துடைத்த பின்னரே அது கருமையுற்று விளங்கும். எனவே, சுவடித் தொழிலில் இருவகைச் செயல்கள் உண்டு. ஒன்று எழுதுதல், மற்றொன்று எழுதியதை விளங்கச் செய்தல். முன்னதற்கு எழுத்தாணி, பின்னதற்கு மை. மை தடவுவோன் புதிய எழுத்து ஒன்றையும் ஏட்டில் சேர்ப்பதில்லை. எழுத்தாணி பிடிப்போனோ, ஒரு கீற்றால் பாடத்தையே மாற்றிவிட வல்லவன். இவ்விரண்டன் வேறுபாட்டை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இன்று தொல்பொருளாய்வும் கல்வெட்டாய்வும் கணிப்பொறித் திரைக்கு வந்துவிட்டன. பானையோட்டில் கீறிய எழுத்தைப் படமாக்கி, அப்படத்தை மென்பொருளால் தெளிவித்து, பின்னர்ப் படிக்கின்றனர். அம்மென்பொருளில் மையும் உண்டு, எழுத்தாணியும் உண்டு. இரண்டும் ஒரே பட்டியில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. எது மை, எது எழுத்தாணி என்று அறியாது இரண்டையும் ஒருங்கே கையாளின் விளையும் தீங்கு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் இருந்து இதனை எழுதுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. சுட்ட மண்ணை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கும் பொறியியலாளரும், சுட்ட மண்ணில் கீறிய எழுத்தை நோக்கும் தமிழாராய்ச்சியாளரும் கையாளுவது ஒரே மென்பொருளையே. இருவருக்கும் நேரும் இடர்ப்பாடும் ஒன்றே.

2. கருவியின் இயல்பு

அறிவியற் படப்பகுப்பில் மிகுதியும் வழங்குவது இமேஜ்-ஜே என்னும் மென்பொருளாகும். அமெரிக்க நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய வெயின் ராஸ்பாண்ட் என்பவர் 1987இல் மெக்கின்டாசுக் கணிப்பொறிக்கென ஒரு மென்பொருள் ஆக்கினார். அதன் வழித்தோன்றலாக, ஜாவா மொழியில் எழுதப்பெற்ற இமேஜ்-ஜே 1997இல் வெளிவந்தது. அது விலையின்றிக் கிடைப்பது. அதன் மூலநிரலும் யாவர்க்கும் பொதுவானது. உயிரணு ஆராய்ச்சிக்கென எழுந்ததாயினும், பிற துறைகளும் அதனைத் தமதாக்கிக் கொண்டன. பாறையோவியங்களின் மங்கிய வண்ணத்தை வேறுபடுத்திக் காட்டும் டி-ஸ்ட்ரெச் என்னும் துணைநிரலும் இமேஜ்-ஜேயின்மேல் அமைக்கப்பெற்றதே.

இம்மென்பொருளுக்குப் படம் என்பது காட்சியன்று, எண்களின் அட்டவணையேயாகும். பிக்சல் எனப்படும் படப்புள்ளி ஒவ்வொன்றும் ஓர் எண்ணைத் தாங்கி நிற்கிறது. எட்டுத் துணுக்குச் சாம்பல்நிறப் படத்தில் அவ்வெண் 0 முதல் 255 வரை அமையும். 0 கருமை, 255 வெண்மை, இடைப்பட்டவை சாம்பலின் பல படிகள். நீளத்தில் ஆயிரமும் அகலத்தில் ஆயிரமும் கொண்ட ஒரு படம் பத்து இலட்சம் அளவீடுகளின் தொகுதியாகும். ஒவ்வோர் எண்ணும், பொருளின் ஓரிடத்திலிருந்து வந்த ஒளியின் அளவைக் குறிக்கும் சான்று.

இனி, வரைகருவிகளை நோக்குவோம். பென்சில், தூரிகை, அழிப்பான், நிரப்பி என்பன அவை. பென்சிலின் பருமனை ஒரே ஒரு படப்புள்ளி அளவிற்கும் குறைக்கலாம். அதனை இழுத்த வழியெல்லாம் முன்னிருந்த எண் அழிந்து, வரைவோன் தெரிந்தெடுத்த நிறத்தின் எண் அவ்விடத்தில் எழுதப்படும். அஃதாவது, அளவீடு நீங்கி அவன் கருத்து அங்கே அமர்கிறது. எழுதியபின் நோக்குவார்க்கு, எந்த எண் ஒளியால் வந்தது, எந்த எண் கையால் வந்தது என்று பிரித்தறிய வழியில்லை. இம்மென்பொருள் இறுதியாகச் செய்த ஒரு செயலை மட்டுமே மீட்டுத் தரும். கோப்பைச் சேமித்துவிட்டாலோ, பழைய நிலைக்கு மீளும் கட்டளையும் பயன்படாது.

நிரப்பியின் இயல்பு இன்னும் நுண்ணியது. ஒரு படப்புள்ளியைச் சுட்டினால், அதனோடு தொடர்புடைய ஒத்த நிறப் புள்ளிகள் யாவற்றையும் அது நிரப்பும். தொடர்பு என்பதற்கு ஈண்டு இருவகை வரையறை உண்டு. பக்கம் தொட்டுநிற்கும் நான்கு அண்டைப்புள்ளிகளை மட்டும் தொடர்புடையன எனக் கொள்வது ஒன்று. மூலை தொட்டு நிற்பனவற்றையும் சேர்த்து எட்டெனக் கொள்வது மற்றொன்று. மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இரு கருஞ்சதுரங்களை முதல் வரையறை இரண்டென எண்ணும். இரண்டாம் வரையறை ஒன்றென எண்ணும். படம் ஒன்றே, விடை இரண்டு. தாம் எந்த வரையறையைக் கொண்டோம் என்று கூறாத ஆராய்ச்சியாளர் கூறும் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

மை போன்ற கருவிகளும் இங்கே உண்டு. ஒளிர்வையும் வேறுபாட்டையும் மாற்றும் கட்டளை படம் முழுவதையும் ஒரே விதிக்கு உட்படுத்துகிறது. எட்டுத் துணுக்குப் படத்தில், செயற்படுத்துக என்னும் பொத்தானை அழுத்தும்வரை அம்மாற்றம் காட்சியில் மட்டுமே நிகழும். உள்ளிருக்கும் எண்கள் மாறுவதில்லை. விதி ஒன்றாதலின், மற்றொருவரும் அதனையே செய்து அதே விளைவைப் பெறலாம். பென்சிலுக்கு இத்தகைய விதி இல்லை. கை சென்றதே வழி.

மையும் முற்றிலும் குற்றமற்றதன்று. ஏட்டில் தடவிய கரி எழுத்தின் பள்ளத்தில் மட்டுமன்றிப் பூச்சி அரித்த பள்ளத்திலும் தங்கும். அதுபோலவே, வேறுபாட்டை மிகுவிக்குங்கால் பானையோட்டின் விரிசலும் எழுத்தின் கீற்றுப்போல் தோன்றுதல் கூடும். ஆயினும் அப்பிழை படம் முழுவதும் ஒரு சீராகப் பரவியிருக்கும், கண்டு நீக்கலாம். பென்சிலின் பிழையோ வேண்டிய இடத்தில் மட்டும் அமைந்து, மெய்போலவே நிற்கும்.

3. பீங்கான் தரும் சான்று

வரைகருவியின் ஆற்றலை அளந்து காணப் பீங்கான் ஆராய்ச்சி நல்லதோர் இடம். சுட்ட பீங்கானுள் நுண்துளைகள் எத்துணை உள்ளன என்பது அதன் வலிமையையும் நீர் உறிஞ்சும் தன்மையையும் உறுதி செய்வது. மின்கம்பத்தில் பொருத்தும் பீங்கான் காப்பானில் துளை மிகின் நீர் புகும். நீர் புகின் காப்பு கெடும். துளைகளை அளக்க, மெருகிட்ட பரப்பை உருப்பெருக்கியில் படமெடுத்து, ஒரு வரம்பெண்ணைக் குறித்து, அதற்குக் கீழ்ப்பட்டவற்றைத் துளையென்றும் மேற்பட்டவற்றைத் திண்மம் என்றும் பிரிப்பர். பின்னர்க் கரும்புள்ளிகளைக் கணிப்பொறி எண்ணித் தரும்.

இதனிடையே, துளையின் விளிம்பு மங்கலாய் இருப்பின் பென்சிலால் அதனைத் திருத்தும் வழக்கம் உண்டு. அத்திருத்தம் சிறிதெனத் தோன்றும்; கணக்கிட்டால் அதன் அளவு விளங்கும். பக்கத்திற்குப் பத்துப் புள்ளி கொண்ட ஒரு சதுரத் துளையின் பரப்பு 100. அதனைச் சுற்றி ஒரே ஒரு புள்ளிப் பருமனில் கோடிட்டால் பக்கம் 12 ஆகும்; பரப்பு 144 ஆகும். நூற்றுக்கு நாற்பத்து நான்கு மிகுதி. பக்கத்திற்கு நூறு புள்ளி கொண்ட துளைக்கு இதே கோடு 10,000 என்பதை 10,404 ஆக்கும். மிகுதி நூற்றுக்கு நான்கே. ஆகவே, பொருள் சிறிதாகச் சிறிதாகக் கையின் பங்கு பெரிதாகிறது. நுண்பொருளை ஆராய்பவரே இக்கருவியை மிகுதியும் நாடுவர். அவர்க்கே இது மிகுந்த தீங்கு செய்யும்.

இவ்வுண்மை எழுத்தாராய்ச்சிக்கும் அப்படியே பொருந்தும். பானையோட்டில் ஓர் எழுத்தின் முழுவடிவம் பல நூறு படப்புள்ளிகளால் அமையலாம். ஆனால் எழுத்தை எழுத்தினின்று வேறுபடுத்துவது பெரும்பாலும் ஒரு சிறு கீற்றோ ஒரு புள்ளியோதான்.

4. ஒரு கீற்றும் ஒரு புள்ளியும்

தமிழ்-பிராமி எழுத்துமுறையை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் அதில் மூன்று நிலைகளைக் கண்டார். முதல் நிலையில் அடிப்படை வடிவம் மெய்யையே குறிக்கும். பக்கக் கீற்று இட்டால் அது அகரத்தையோ ஆகாரத்தையோ குறிக்கும். இரண்டாம் நிலையில் அடிப்படை வடிவம் மெய்யையும் அகரமேறிய மெய்யையும் குறிக்கும். கீற்று ஆகாரத்திற்கே உரியது. மூன்றாம் நிலையில் மெய்யைத் தனித்துக் காட்டப் புள்ளி வந்தது. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்கும் எகர ஒகரங்களுக்கும் புள்ளி கூறுதலைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர்.

இதனால் பெறப்படுவது யாது? ககர வடிவம் ஒன்று ஒரு பானையோட்டில் உள்ளது எனக் கொள்வோம். அதன் தோளில் ஒரு கீற்று இருப்பின் ஒரு படிப்பு, இல்லாவிடின் மற்றொன்று. அதன் தலையில் ஒரு புள்ளி இருப்பின், சொல்லின் ஒலி மட்டுமன்று, ஓட்டின் காலமும் மாறும். புள்ளி என்பது பிற்பட்ட நிலையின் அடையாளம் ஆதலின், அவ்வோட்டைப் பிற்காலத்தது என்று கருத அது இடந்தரும்.

பானையின் மண்ணோ மணலும் உமியும் கலந்தது. சுடும்போது உமி எரிந்து குழி விடும். மணற்பருக்கை உதிர்ந்து குழி விடும். அக்குழி படத்தில் கரும்புள்ளியாகவே தோன்றும். அதனைப் புள்ளியென நம்பி, சற்று மங்கலாய் உள்ளதே என்று பென்சிலால் ஒருமுறை தொட்டால், மண்ணின் குழி எழுத்தின் புள்ளியாகிவிடும். அதற்கு மாறாக, மெய்யான புள்ளியைக் குழியென எண்ணி அழிப்பானால் நீக்குவதும் நேரலாம். தமிழில் பிக்சலையும் புள்ளி என்கிறோம். மெய்யின் அடையாளத்தையும் புள்ளி என்கிறோம். சொல் ஒன்றாயிருப்பது தற்செயலே. எனினும் ஒன்று மற்றொன்றாக மாறிவிடும் இடரை இச்சொல்லே நமக்கு நினைவூட்டுகிறது.

இவ்விடர் வெறுங் கற்பனையன்று. கீழடியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வு பற்றிய 2019ஆம் ஆண்டு அறிக்கை, தமிழ்-பிராமி பொறித்த 56 பானையோடுகளைக் குறிக்கிறது. அவ்வகை ஓடுகளிற் பல உடைந்தவை. சொல்லின் முதலோ ஈறோ இழந்தவை. ஓர் ஓட்டில் எஞ்சியிருப்பவை மூன்று நான்கு எழுத்துகளேயாயின், அவற்றுள் ஒரு கீற்றை இழப்பதும் சேர்ப்பதும் பெரும்பிழையாகும்.

5. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இங்ஙனம் கூறின், ஒருவர் மறுத்துரைக்கக் கூடும். கையால் வரைதல் இன்று நேற்று வந்ததன்று. கல்வெட்டின் எழுத்துகளில் சுண்ணக்கட்டி பூசிப் படமெடுத்தனர். நனைத்த தாளைக் கல்லின்மீது அடித்து மை ஒற்றிப் படியெடுத்தனர். கண்ணாற் கண்டதைத் தாளில் வரைந்தனர். மகாதேவனும் 2003இல் வெளியிட்ட தம் பெருநூலில் குகைக் கல்வெட்டுகளுக்கு வரைபடங்கள் தந்தார். ஒளிப்படமும் நடுநிலையானதன்று, கீற்றுக்கு இணையாக ஒளி செலுத்தின் கீற்று மறையும், குறுக்காகச் செலுத்தின் தெரியும். அவ்வாறிருக்க, மென்பொருளின் பென்சிலை மட்டும் குறைகூறுதல் முறையோ என்பது அம்மறுப்பு.

இம்மறுப்பின் முற்பகுதி உண்மையே. வரையாமல் எழுத்தாராய்ச்சி இல்லை. வரைதல் என்பது படித்தலின் ஒரு வகை. கண் எதனைக் கண்டது என்பதைக் கை சொல்லுதலாகும். ஆனால் பழைய வரைபடம் தனித்தாளில் இருந்தது. கல் மலையில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, வரைந்தவர் பிழைத்தாரா என்று பின்வந்தோர் காண முடிந்தது. சுண்ணக்கட்டி பூசுதல் ஏன் குறைகூறப்பட்டது? அது சான்றின்மீதே கருத்தைப் பூசியதனால். நிழற்படத்தில் நாம் காண்பது கல்லையன்று, பூசியவர் படித்ததையே. படப்புள்ளிமேல் ஓடும் பென்சில் இச்சுண்ணக்கட்டியினும் கொடியது. சுண்ணத்தை நீரால் கழுவலாம். எண் மாறிய கோப்பைக் கழுவ முடியாது.

எனவே குறை வரைதலில் இல்லை. வரையும் இடத்தில் உள்ளது. இதனை இமேஜ்-ஜேயை ஆக்கியோரும் அறிந்திருந்தனர். அதில் மேலடுக்கு என்னும் அமைப்பு உண்டு. மேலடுக்கில் வரைந்த கோடு படத்தின்மேல் தோன்றும். கீழுள்ள எண்களைத் தொடாது. டிஃப் வடிவில் சேமித்தால் அவ்வடுக்கும் கோப்போடு சேர்ந்தே காக்கப்படும். வேண்டும்போது மறைக்கலாம், காட்டலாம். இஃது ஏட்டின்மேல் தெளிதாள் வைத்து எழுதுவதை ஒக்கும். ஒரே மென்பொருள் நன்னெறியையும் தீநெறியையும் தன்னகத்தே வைத்துள்ளது. கைக்கு எளிதாய் அகப்படுவதைத் தெரிந்தெடுப்பது பயில்வோரின் குறை.

6. பதிப்பாசிரியர் கண்ட நெறி

இவ்வினாவைத் தமிழ்ப் பதிப்புலகம் நூறாண்டுகட்கு முன்பே எதிர்கொண்டது. ஓலை கிழியும் என அஞ்சி ஏடெழுதுவோர் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, அச்சில் நாம் காணும் சங்கநூற் புள்ளிகளிற் பெரும்பாலன பதிப்பாசிரியர் யாப்பும் பொருளும் நோக்கி இட்டவை. சொல்லப்போனால், அவர்களும் புள்ளியிடும் பென்சிலைக் கையிற் பிடித்தவர்களே.

ஆனால் அவர்கள் மூன்று கட்டுப்பாடுகளை மேற்கொண்டனர். முதலாவது, ஏட்டைத் திருத்தவில்லை. தனித்தாளில் படியெடுத்துத் திருத்தினர். இரண்டாவது, பல சுவடிகளை ஒப்பிட்டு, தாம் கொள்ளாத பாடங்களையும் பிரதிபேதம் என அடிக்குறிப்பில் தந்தனர். மூன்றாவது, இல்லாததை இல்லையென்றே விட்டனர். 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அவ்விரண்டு எண்களும் இன்றளவும் வெற்றிடமாகவே உள்ளன. சிதைந்த அடிகளுக்கு நேரே புள்ளிகள் நிற்கின்றன. செய்யுள் இயற்ற வல்ல ஒருவர்க்கு ஓரடியை நிரப்புதல் அரிதன்று. அவர் நிரப்பாமல் விட்டதே அப்பதிப்பின் பெருமை. வெற்றிடமும் ஒரு செய்தியாம் என்பதை அது காட்டுகிறது.

அறிவியல் இதழ்களும் பின்னர் இவ்விடத்திற்கே வந்து சேர்ந்தன. உயிரணுவியல் இதழ் ஒன்றில் மைக் ராஸ்னர், கென்னத் யமடா ஆகிய இருவரும் 2004இல் எழுதிய கட்டுரை, படத்தின் ஓர் உறுப்பை மட்டும் மிகுவித்தலும் மறைத்தலும் நகர்த்துதலும் நீக்குதலும் சேர்த்தலும் ஆகா என விதித்தது. எலிசபெத் பிக் முதலியோர் 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 3.8 கட்டுரைகளில் ஐயத்திற்குரிய படங்கள் இருந்தன. அவர்கள் நோக்கியது பெரிதும் ஒரே படம் மீண்டும் வருதலையே. ஒரு புள்ளி, ஒரு கீற்று ஆகிய அளவிலான திருத்தங்கள் அவ்வகைச் சோதனைக்கும் எளிதில் அகப்படா.

7. இன்று இதன் இன்றியமையாமை

2025 சனவரியில், பேராசிரியர் கா. ராஜன், இரா. சிவானந்தம் ஆகியோர் தமிழகப் பானைக் கீறல்களைச் சிந்துவெளிக் குறிகளோடு வடிவநோக்கில் ஒப்பிட்ட நூலைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. பல்லாயிரம் ஓடுகளின் கீறல்கள் அதற்கு அடிப்படை. பல கீறல்களுக்குச் சிந்துவெளியில் இணை உண்டு என அந்நூல் கூறுகிறது. அம்முடிவின் ஏற்புடைமை ஈண்டு ஆராயப்படுவதன்று. நாம் சுட்டுவது ஒன்றே: வடிவ ஒப்பீடு என்பது வரைபடங்களின் ஒப்பீடாகும். கீறல் மூன்று கோடு உடையதா நான்கு உடையதா, கோடுகள் தொடுகின்றனவா விலகி நிற்கின்றனவா என்பவற்றைப் பொறுத்தே இணை அமையும், அமையாது போகும். நாளை இவ்வரைபடங்களைக் கணிப்பொறியே தானாக ஒப்பிடும் காலம் வரும்போது, அதற்குப் பானையோடு தெரியாது. நாம் தரும் எண்கள் மட்டுமே தெரியும். நம் பென்சிற் கோட்டையும் குயவன் கீறிய கோட்டையும் அது ஒன்றாகவே கொள்ளும்.

நம் பழமையை உலகறியச் செய்யும் விருப்பம் நல்லது. அவ்விருப்பத்தோடு அமர்ந்து மங்கிய கீற்றை நோக்குவோர்க்கு அது இருப்பதாகவே தோன்றும். மாற்றார் ஒருவர் மூலப்படத்தைக் கேட்டு ஒப்பிடுங்கால் அக்கீற்று இல்லையென்றாயின், மெய்யான ஆயிரம் கீற்றுகளும் ஐயத்திற்கு உள்ளாகும்.

8. முடிவுரை

திருமுதுகுன்றமாகிய இவ்வூருக்கு உரிய ஒரு வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். சுந்தரர் இங்கே இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். ஆற்றில் இடுமுன் அவர் அப்பொன்னில் ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். ஆரூரில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது எனக் கண்டது அம்மச்சத்தோடு ஒப்பிட்டதனாலேயே. கொடுத்தவர் இறைவனாயினும் மச்சம் வெட்டி வைத்துக்கொள்வது வழக்கென்பது இதனாற் போதரும்.

இதனை ஆராய்ச்சி நெறியாக வகுத்துரைப்பின் நான்கு விதிகள் அமையும். ஒன்று: கருவி தந்த முதற்படத்தை, இழப்பின்றிக் காக்கும் வடிவில், ஒரு புள்ளியும் தொடாது தனியே வைத்தல். ஜேபெக் வடிவம் சுருக்கும்போதே எண்களை மாற்றுவதாதலின் அதற்கு ஆகாது. இரண்டு: படம் முழுவதற்கும் செய்த மாற்றங்களை, இடப்பட்ட எண்களோடு வரிசையாகக் குறித்தல். மூன்று: கோடு வரைதலை மேலடுக்கில் மட்டுமே செய்தல், தெளிவாய்க் கண்ட கீற்றை முழுக்கோட்டாலும் ஊகித்ததைப் புள்ளிக்கோட்டாலும் காட்டுதல். நான்கு: கட்டுரையில் மூலப்படத்தையும் வரைபடத்தையும் அருகருகே அச்சிடுதல், படிக்கவியலாத இடத்தை வெற்றிடமாகவே விடுதல்.

இவை நான்கும் சுவடிப் பதிப்பின் விதிகளே, புதியன அல்ல. தமிழ்த்துறைகளில் பதிப்புக்கலை பயிலும் முதுகலை மாணவர், திரையில் ஓர் ஓட்டின் படத்தைத் திறக்கும்போதும் தாம் ஏட்டின் முன்னரே அமர்ந்திருப்பதாகக் கொள்ளல் வேண்டும். பென்சிலைத் தொடுமுன், இது மையா எழுத்தாணியா என ஒருமுறை வினவிக்கொண்டால், நம் ஓடுகள் தாம் சொல்லுவதை மட்டுமே சொல்லும்.